தோற்றுப்போன முதலை

என் தங்கை வசந்தி நான்கு மாதமாக ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன் நின்று குங்குமச் சிமிழைத் திறப்பாள், மூடுவாள், மறுபடியும் திறப்பாள். அவள் கணவர் செல்வராசு மலாக்கா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். ஒருநாள் அவருடைய போன் நின்றுபோனது. தோட்டத்து ஆபீஸில் கேட்டதற்கு, ஆள் சொல்லாமல் ஓடிவிட்டார், போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். ஊரில் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தார்கள். அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறதாம் என்பது வரை பேச்சு போனது.

"இருக்காரா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுண்ணே. எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன்" என்றாள் வசந்தி.

அவரை அங்கே அனுப்பி வைத்ததே நான்தான். அறந்தாங்கியில் வேலை இல்லாமல் அவர் வீட்டுக்குள்ளேயே குறுகிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், எனக்குத் தெரிந்த ஏஜெண்டிடம் கூட்டிப்போனேன். ஆகவே போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. முப்பது வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். கடல் தாண்டியது இதுவே முதல் முறை.

மலாக்காவில் போய் இறங்கிய அன்று நல்ல மழை. போனில் கூப்பிட்டால் வருகிற வாடகைக் காரை, நான் தங்கிய விடுதிக்காரர் வரவழைத்துக் கொடுத்தார். ஓட்டி வந்தது ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். பெயர் கலா, பக்கத்தில் டுரியான் துங்கால் என்ற ஊர்க்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களாம். நான் வந்த காரியத்தைக் கேட்டதும் "நீங்க எத்தன நாளு இருந்தாலும் என் காடிலயே போவோம்ணே. மலாய் பேச ஒரு ஆளு வேணும்லா உங்களுக்கு" என்றார். காரை அங்கே காடி என்கிறார்கள்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போவது எனக்குச் சித்திரவதை. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. கலா அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை. சாலையில் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. நம் ஊரில் ஹாரன் இல்லாமல் வண்டி எடுத்தால் டிப்போ வாசலைத் தாண்ட முடியாது.

மதியம் ஓர் உணவுக்கடையில் வாழையிலைச் சாப்பாடு. சாம்பாரில் ஏதோ ஒரு இனிப்பு, நம் ருசி இல்லை. ஆனால் மீன் குழம்பு தொண்டையில் இறங்கியதும் அம்மா கை போலவே இருந்தது. சட்டென்று கண் கலங்கிவிட்டது. தேநீர் கெட்டிப்பால் ஊற்றிப் பாயசம் மாதிரி வந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்தேன்.

அப்போதுதான் கலா, என் மனதை வேறு பக்கம் திருப்ப நினைத்து, போனில் ஒரு காட்சியைக் காட்டினார். மாப்பிள்ளை வேலை பார்த்த தோட்டத்துக்கும் கீழே, ஆறு கடலை நெருங்குகிற இடத்தில் ஒரு பாலம். பாலத்தடியில் இரண்டு முதலைகள், செத்து மிதந்து வந்த ஒரு காட்டுப்பன்றியை ஆளுக்கொரு பக்கம் கவ்விக்கொண்டு நின்றன. பெரியது லாரி டயரை அடுக்கிப் போட்டது போல இருந்தது. சின்னது என்று சொன்னாலும் அதுவும் ஓர் ஆள் நீளத்துக்கு மேல். இரண்டும் சுழன்றன. சேறும் தண்ணீரும் பாலத்தின் கைப்பிடி வரை அடித்தன. பெரியது பன்றியை விட்டுவிட்டு மற்றதன் வாலைக் கவ்வியது. விட்டபோது வாலில் ஒரு முழம் குறைந்திருந்தது. பாலத்தின் மேல் நின்றவர்கள் மலாயில் கத்தினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"பெருச டத்தோன்னு கூப்புடுவாங்க, தாத்தான்னு அர்த்தம். டத்தோ ஜெயிச்சிட்டாருன்னு சொல்றாங்க" என்றார் கலா. ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் எல்லார் போனிலும் இது ஓடியதாம்.

எனக்கு அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை. கழுவின கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனோம். தங்கா பத்து என்ற ஊரைத் தாண்டி, கடலோரச் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. எல்லா மரமும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. எந்தத் திருப்பத்தில் திரும்பினோம் என்பது முப்பது வருட டிரைவரான எனக்கே பிடிபடவில்லை.

ஆபீஸில் ஒருவர் தாளைப் பார்த்து அதே பதிலைச் சொன்னார். மேஸ்திரி ஒருவர் எங்களை வேலையாட்கள் தங்கும் வரிசை வீடுகளுக்குக் கூட்டிப்போனார். மாப்பிள்ளையின் சாமான்களை ஒரு பழைய உரச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு சட்டை, சவரப் பெட்டி, இரத்த அழுத்த மாத்திரை பாதி அட்டை, சின்ன மகளுக்கு வாங்கி இன்னும் பிரிக்காத ஒரு கவுன், அவருடைய மூக்குக் கண்ணாடி.

கண்ணாடியைக் கையில் எடுத்தேன். அது இல்லாமல் அவருக்குப் பேருந்தின் பெயர்ப் பலகைகூடத் தெரியாது. ஓடிப்போகிறவர் கண்ணாடியை வைத்துவிட்டா ஓடுவார்? மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, அந்த வாரம் குழாய் உடைந்திருந்தது, எல்லாரும் ஆற்றங்கரைப் பம்பு ரூம் பக்கம் போய்த்தான் துணி துவைத்தார்கள், வேறு எதுவும் தனக்குத் தெரியாது என்றார்.

திரும்பும் வழியில் கலாவின் கார் புகைந்தது. பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர் குழாய் கழன்று கொதிநீர் கொட்டிக்கொண்டிருந்தது. கலா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்தப் பயணம் முழுவதிலும் எனக்குத் தெரிந்த ஒரு வேலை கிடைத்தது அப்போதுதான். சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, கிளிப்பை இறுக்கினேன். ஊற்றத் தண்ணீர் வேண்டும். கலா போனில் காட்டிய அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கோழிக்கடை இருந்தது. தமிழர் கடை. போய்க் கேட்டேன்.

கடைக்காரர் பெயர் மணியம். என்னைவிட நாலைந்து வயது இளையவர். கோழியைத் துண்டு போட்டுக்கொண்டே குழாயைக் காட்டினார். தண்ணீர் பிடித்துக்கொண்டு, எல்லாரிடமும் காட்டுவது போல அவரிடமும் மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டினேன். தெரியாது என்று தலையை ஆட்டினார். ஆனால் அதற்குப் பிறகு கத்தி வெட்டுப்பலகையில் இறங்கவே இல்லை.

நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போது பின்னாலேயே வந்து நின்றார். "வீட்டுல புள்ளைங்க எத்தனை பேரு?" என்று கேட்டார். இரண்டு பெண் பிள்ளைகள் என்றேன். சரி என்று போய்விட்டார்.

வண்டி கிளம்பியது. பேருந்தில் முப்பது வருடம் முகங்களைக் கண்ணாடியில் பார்த்துப் பழகியவன் நான். பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். மணியம் சாலை நடுவில் நின்று, நாங்கள் வளைவில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். தெரியாத ஆளுக்காக ஒருவரும் அப்படி நிற்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை, கடை திறக்கும் நேரத்துக்கே போனோம். கலாவைக் காரிலேயே இருக்கச் சொன்னேன். மணியம் என்னைக் கண்டதும் கூண்டுகளுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

அவர் சொன்னதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நடுநடுவே நிறுத்தி, முன்னும் பின்னுமாகச் சொன்னார்.

கடை போட்ட நாளிலிருந்து கோழிக் குடலையும் தலையையும் பாலத்திலிருந்து ஆற்றில் கொட்டுவது அவர் வழக்கம். டத்தோ அதைத் தின்னப் பழகியது. அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் கோழியும் வாங்கினார்கள். மூன்று வருடத்துக்கு முன் முகத்துவாரப் பக்கமிருந்து இன்னொன்று ஏறி வந்தது. முதலில் அது எட்டவே கிடந்து, டத்தோ விட்டதைத் தின்றது. வளர வளரக் கிட்டே வந்தது. டத்தோ வாயைத் திறந்தால் பின்வாங்கும், மறுநாள் இன்னும் ஒரு முழம் முன்னால் வரும். கடைசியில் அந்தக் காட்டுப்பன்றி. கலாவின் போனில் நான் பார்த்த சண்டை.

வால் போனதற்குப் பிறகு சின்னது பாலத்தடியில் தலைகாட்டவில்லை. சில வாரம் கழித்து மணியம் அதை மேலே, தோட்டத்துப் பம்பு ரூமுக்கு எதிர்க்கரையில் பார்த்தார். விலா எலும்பு தெரிந்ததாம். வால் புண் வெளுத்து ஈ மொய்த்ததாம். அங்கே மீனும் குறைவு, கீழே இறங்கினால் டத்தோ விடாது.

"பாவமா இருந்துச்சிண்ணே" என்றார் மணியம். "வாயில்லாத சீவன் பட்டினி கெடக்குதேன்னு. அதுக்குன்னு தனியா ஒரு வாளி எடுத்துட்டு மோட்டோ சைக்கிள்ல போவேன். வாளியத் தட்டுனா வந்துரும். ரெண்டு மாசம் போட்டேன்."

கூண்டுக்குள் கோழிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.

"அன்னிக்கி நான் போறதுக்கு முன்னாலயே அவரு எறங்கியிருந்தாரு. வர்றப்பவே பாத்தேன், துணி ஊற வைக்க வாளியில தண்ணி மொண்டாரு. அந்தச் சத்தம்தாண்ணே. நான் மோட்டோவ நிறுத்துறேன், வாளி மட்டும் மெதக்குது. அது அந்தாண்டக் கரைக்குப் போவுது. வாயில கட்டம் போட்ட கைலி."

செல்வராசுவை அவருக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறுதோறும் கோழி வாங்க வருவார். கால் துண்டு மட்டும் கேட்பார். மணியம் யாரிடமும் சொல்லவில்லை. முதலைக்குத் தீனி போட்டதற்குப் பிடித்துப் போவார்கள் என்று பயம். மறுநாள், இந்தியாக்காரர் ஓடிவிட்டார் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டது காதில் விழுந்தபோது, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். மேலே போய்த் தீனி போடுவதை நிறுத்தினார். பாலத்தில் கொட்டுவதையும் நிறுத்தினார்.

எனக்குக் கை ஓங்க வேண்டும் போல இருந்தது. ஓங்கவில்லை. இவர் இரக்கப்பட்டு அதற்குத் தீனி போட்டார். நான் இரக்கப்பட்டு மாப்பிள்ளையை இங்கே அனுப்பினேன். நான் எந்த முகத்தோடு அடிப்பது?

"இத என் தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லணும்" என்றேன். "நான் சொன்னா, சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனைப்பா."

மணியம் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு முழங்கை வரை இரண்டு முறை கழுவினார். பிறகு போனை வாங்கிக்கொண்டார்.

வசந்தி முகம் திரையில் வந்தது. நான் தள்ளி நின்றேன். மணியம் எதையும் மறைக்கவில்லை, வாளி தட்டியதைக்கூட. அவள் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னைக்கு என்ன கெழமை? எத்தன மணி?"

"செவ்வாக்கெழமமா. இங்க காலைல எட்டு மணி."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். அங்கே எட்டு என்றால் நமக்கு ஐந்தரை. "வாசல் தெளிச்சிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றாள். அவ்வளவுதான். போனை யாரோ அவள் கையிலிருந்து வாங்கினார்கள். பிறகு வெறும் கூரைதான் தெரிந்தது. அழுகைச் சத்தம் வந்தது.

காருக்குத் திரும்பினேன். பாலத்தின் மேல் நிறுத்தச் சொன்னேன். நீர் இறங்கியிருந்தது. சேற்று மேட்டில் டத்தோ கிடந்தது, வாயைக் கோழிக்கடைப் பக்கம் வைத்துக்கொண்டு. தீனி நின்று நான்கு மாதம் ஆகியும் அதே நேரத்துக்கு அதே இடத்தில் வந்து படுக்கிறது என்று மணியம் சொல்லியிருந்தார். அதன் முதுகில் ஒரு கொக்கு நடந்தது. அதை வெறுக்க வேண்டும் என்று முயன்று பார்த்தேன். அது வெறுமனே கிடந்தது.

நான்காம் நாள் போலீஸ் நிலையம். மணியம் தன் மனைவியோடு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாக்குமூலம் எழுத மதியம் ஆனது. மலாயிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக் கலாவுக்குக் குரல் கம்மிப்போனது. மணியத்தின் மேல் விசாரணை வரும் என்றார்கள். என்ன ஆகும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஓடிப்போனதாகக் கொடுத்திருந்த புகாரை மட்டும் ஓர் இளம் அதிகாரி எங்கள் கண் முன்னாலேயே எடுத்து, இதோடு சேர்த்துக் கட்டினார்.

நடுவில் பக்கத்துக் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, சம்பல். இரண்டு நாளாகச் சாப்பிட்ட எதிலும் எனக்கு ருசி தெரியவில்லை. அன்று மட்டும் பசித்தது. பசித்ததற்காக வெட்கப்பட்டேன். கலா தன் தட்டிலிருந்த முட்டையை என் தட்டில் வைத்தார்.

மாலையில் வனவிலங்குத் துறையிலிருந்து ஒரு மலாய்க்காரர் வந்தார். பம்பு ரூம் பக்கம் இரும்புக் கூண்டு வைத்து உள்ளே ஒரு முழுக்கோழியைக் கட்டினார்கள். அவர் பேசியதைக் கலா எனக்குச் சொன்னார். தீனி நிறைய கிடைக்கிற இடத்தைப் பெரிய முதலை பிடித்துக்கொள்ளும், இன்னொன்றைச் சேர்க்காது என்றாராம். "ஜெயிச்சது நம்மகிட்ட வராது. அதுக்கு வேண்டியது அங்கயே இருக்கு. தோத்ததுதான் பசியோட ஆளுங்க இருக்குற பக்கம் ஏறி வரும்ங்கிறாரு."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி, என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். கலா அதை மொழிபெயர்க்கவில்லை. வேண்டியதும் இல்லை.

மொட்டைவால் முதலையை அன்று யாரும் பார்க்கவில்லை. அது இன்னும் மேலே போயிருக்கலாம். அதைவிடப் பெரியதாக இன்னொன்று மேலே இருந்தால் அங்கிருந்தும் துரத்தப்பட்டிருக்கும். செத்தும் போயிருக்கலாம் என்றார் அந்த வனவிலங்குத் துறைக்காரர்.

இரவு வசந்தி கூப்பிட்டாள். அங்கே செய்ய வேண்டியதை அங்கேயே செய்துவிடச் சொன்னாள். பிறகு, "அந்த ஆத்துத் தண்ணி கொஞ்சம் கொண்டாந்துருண்ணே. எரிக்க ஒண்ணும் இல்ல. அவரு அதுலதான இருக்காரு" என்றாள்.

ஐந்தாம் நாள், கிளம்புகிற நாள். காலையில் தங்கா பத்துக் கடற்கரையில், கோயிலிலிருந்து கலா அழைத்து வந்த ஐயர் காரியங்களைச் செய்து வைத்தார். மகன் இல்லாததால் நான்தான் செய்தேன். எள்ளும் தண்ணீரும் விட்டேன். கடல் தட்டையாக, சத்தமில்லாமல் கிடந்தது. எங்கள் பக்கத்துக் கடலும் இப்படித்தான், அலை அடிக்காது. ஒரு நிமிடம் ஊரில் நிற்பதாகவே நினைத்துவிட்டேன்.

அங்கிருந்து ஆற்றுக்குப் போனோம். ஐயர் அங்கே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கூண்டு வைத்தவர்கள் கரையில் கயிறு கட்டி, யாரும் இறங்கக் கூடாது என்று பலகை மாட்டியிருந்தார்கள். கூண்டில் கோழி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் கையில் ஒரு சின்னச் செம்போடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கால் நகரவில்லை. தண்ணீர் மண் நிறத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கடியில் எதுவும் இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

பின்னால் மோட்டார் சைக்கிள் நின்றது. மணியம். நாங்கள் இங்கே வருவோம் என்று கலா சொல்லியிருக்கிறார். மணியம் செருப்பைக் கழற்றிவிட்டு, என் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டு, கயிற்றைத் தாண்டினார்.

"வேணாம் மணியம்" என்றேன்.

"நான் எறங்குறேன்ணே. நான்தான் எறங்கணும்."

கரை சரிவாக, வழுக்கலாக இருந்தது. அவர் கால் தடுமாறியது. நான் எப்போது கயிற்றைத் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கையால் பம்பு ரூமின் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, மற்றதால் அவர் மணிக்கட்டைப் பற்றினேன். மேலே கலா இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். மணியம் குனிந்து, செம்பைத் தண்ணீரில் சத்தம் வராமல் சாய்த்தார். அது நிறைவதற்கு வெகுநேரம் பிடித்தது. நிறையும் வரை நான் அவரை விடவில்லை.